கோவை வெயிலுக்கும் குன்னூர் ஈரத்துக்கும்: ஒரு வருஷ உடுப்பை நாமே தைப்பதும் பின்னுவதும்

கேள்வி இது: "கோவையில் வேலை. மாதம் இரண்டு வாரக் கடைசியில் குன்னூரில் அம்மா வீட்டுக்குப் போவேன். தையல் மிஷின் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தலையணை உறை, நைட்டி வரை தைப்பேன். அம்மாவிடம் ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள் இருக்கின்றன, சொல்லித் தருகிறேன் என்கிறார். இனி ஒரு வருஷம் ரெடிமேட் வாங்காமல் எல்லாவற்றையும் நானே தைத்து, பின்னிப் போட ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்தத் துணி, எத்தனை உடுப்பு?"

நான் கோவையில் பிறந்து, கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தவள். 27 வருஷமாக வீட்டில் மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைக்கிறேன்; மழை பிடித்துக்கொண்டால் பின்னுகிறேன். உங்களைப் போல எனக்கும் இரண்டு ஊர் உண்டு என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

துணிக்கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து, போன வருஷம் நீங்கள் போட்டுப் போட்டுத் தேய்த்த உடுப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். பிடித்தது, பிடிக்காதது என்று பார்க்க வேண்டாம். கழுத்து நைந்தது, அக்குளில் வெளுத்தது, ஓரம் பிரிந்தது, அவற்றை எடுங்கள். ஐந்தாறு தேறும். எந்த மாதத்தில், எந்த ஊரில் அதை அதிகம் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். நீங்கள் தைக்க வேண்டியவற்றின் பட்டியல் அந்தத் தாள்தான். என்னிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் அனார்கலி தைக்க ஆசைப்படுவார்கள். இருபது நாள் உட்கார்ந்து தைத்ததை வருஷத்துக்கு இரண்டு நாள்தான் போடுவார்கள். வாரம் இரண்டு முறை உடம்பில் ஏறும் குர்த்தாவைத் தைத்தவள்தான் மறுபடி மிஷினில் உட்காருகிறாள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இனி காலம். கோவையில் மாசி பாதியிலேயே வெயில் ஏறிவிடும், சித்திரைக் கடைசியில் கத்திரி. வைகாசி முடியும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று திறந்துவிட்டால் ஆடி முடிகிறவரை ஓயாது. அப்போது அகலச் சுருக்கு வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி, தையில் விடியற்காலை மட்டும் ஒரு மெல்லிய குளிர். குன்னூர் கணக்கு வேறு. 1,850 மீட்டர் உயரத்தில், மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிய மழை. ஐப்பசியில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். குன்னூர் என்றதும் எல்லோரும் குளிருக்குத்தான் தயாராகிறார்கள். என் அனுபவத்தில் இங்கே ஆளைப் படுத்துவது ஈரம்தான். குளிருக்கு மேலே ஒன்று போட்டுக்கொள்ளலாம். காயாத துணியை என்ன செய்வது?

அதனால் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது நூல் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமான, 65% ஈரப்பதம் உள்ள காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் சுமார் 8.5% ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி 16% பக்கம். அக்ரிலிக் 1.5%, பாலியெஸ்டர் வெறும் 0.4%. கோவை வெயிலில் பாலியெஸ்டர் ஏன் முதுகில் ஒட்டுகிறது என்பதற்கு இந்த எண்களே காரணம்: வியர்வையைக் குடிக்க அதற்கு வாயில்லை. குன்னூர் மூடுபனியில் நிஜக் கம்பளி ஏன் ஈரமானாலும் உடம்புக்கு ஈரமாகத் தெரிவதில்லை என்பதற்கும் இதே காரணம்தான். பருத்தி நடுவில் நிற்கிறது. மெல்லிய பருத்தி வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் சீக்கிரம் காயும். கனத்த பருத்திதான் ஐப்பசியில் வேண்டாதது. மழைக்காலத்துக்கு ஜீன்ஸ் துணியில் பேண்ட் தைக்காதீர்கள். மெல்லிய துணியில் இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் துணியைக் கடையில் வாங்க வேண்டாம் என்பேன். அம்மாவிடம் பழைய காட்டன் புடவை ஒன்று கேளுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம், முக்கால் பாகம் நல்லதாக இருந்தாலும் ஒரு குர்த்தாவுக்குத் தாராளம், சில சமயம் இரண்டு. நூறு துவைப்பு கண்ட துணி அது; இனிச் சுருங்க ஒன்றுமில்லை, போக வேண்டிய சாயமும் போய்விட்டது. புதுத் துணியில் கற்றுக்குட்டியை ஏமாற்றுவது இந்த இரண்டும்தான். வெட்டும் முன் ஜன்னலோரம் புடவையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கொசுவம் செருகும் இடம், உட்காரும் இடம், ஃபால்ஸ் உரசும் இடம் இவை மூன்றும் சல்லடை மாதிரி மெலிந்திருக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வெட்டுங்கள். கரையைக் கீழ் ஓரத்துக்கு வைத்தால் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: பழைய துணிக்கு முறுக்கான பாலியெஸ்டர் நூல் போடாதீர்கள், காட்டன் நூல் போடுங்கள். எங்காவது மாட்டி இழுத்தால் நூல் அறுபட வேண்டும், துணி கிழியக் கூடாது. அறுந்த நூலை இரண்டு நிமிஷத்தில் தைத்துவிடலாம்.

அளவுக்கு வருவோம். நம் ஊரில் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதையே நீங்களும் செய்யுங்கள். பீரோவிலிருந்து எடுத்த ஐந்தாறில் உடம்புக்கு நன்றாகப் பொருந்திய, இனிப் போட முடியாத ஒரு குர்த்தாவைத் தையல் தையலாகப் பிரியுங்கள். முன் பக்கம், பின் பக்கம், இரண்டு கை. இஸ்திரி போட்டுப் பழுப்புத் தாளில் வைத்து வரையுங்கள். பிரிக்கும்போதே பாதி தையல் படித்துவிடுவீர்கள். கை ஏறும் வளைவில் முன் பக்கம் பின் பக்கத்தைவிட உள்ளே குடைந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். பழகுகிறவர்கள் துணியை நாலாக மடித்து இரண்டையும் ஒரே வளைவாக வெட்டிவிட்டு, முன்னால் ஏன் துணி கூடி நிற்கிறது என்று கேட்பார்கள். கையின் மேல் வளைவிலும் இதே வித்தியாசம் இருக்கும். முன் பக்கம் எது என்று சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இடது கை வலது பக்கம் ஏறிவிடும்.

இந்தக் கை வளைவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, "கையைத் தூக்கினா சட்டை முழுக்க மேல ஏறுது கண்ணு, கொஞ்சம் லூசா வெச்சுக் குடு" என்றார். நான் அக்குளை ஒரு இஞ்ச் இறக்கி வெட்டிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் முன்னைவிட மோசம். இன்னும் அரை இஞ்ச் இறக்கினேன், இன்னும் மோசமானது. துணியை வீணாக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அக்குள் தாழ்ந்திருந்தால் கை மேலே போகும்போது சட்டையின் பக்கவாட்டையே இழுத்துக்கொண்டு போகும். அக்குளை உடம்புக்குக் கிட்டே, மேலே ஏற்றிவைத்து, கையின் அகலத்தை மட்டும் கூட்டினால் கை தனியாகப் போகும், சட்டை இடத்திலேயே நிற்கும். அந்த அக்காவுக்கு மூன்றாவது முறை முக்கால் இஞ்ச் ஏற்றித் தைத்தேன். அதே அளவில் இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் குர்த்தாவிலும் கையைத் தூக்கினால் ஓரம் ஏறுகிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஏறினால் தாளில் வரைந்ததை அப்போதே திருத்துங்கள்.

ஜாக்கெட்டில் பக்கத் தையலை இரண்டு மூன்று வரிசை ஓட்டி, பிரித்துவிட உள்ளே துணி விடுகிறோம் இல்லையா? குர்த்தாவிலும் பக்கத்துக்கு ஒரு இஞ்ச் விடுங்கள். ரெடிமேடில் இந்த ஒரு இஞ்ச் கிடைக்காது. உடம்பு கூடினால் உடுப்பு வீணாகாமல் இருக்க அதுதான் வழி.

புடவையில் ஒன்று தைத்து, அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடமாடிய பிறகு கடைத் துணிக்குப் போகலாம். நூல் நம்பர் என்று ஒன்று சொல்வார்கள்: ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜச் சிட்டங்கள் (அதாவது 840 கஜ நூலைச் சுற்றிய கட்டுகள்) எத்தனை என்பதே அந்த எண். எண் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் பாப்ளின் பேண்டுக்கும் லைனிங்குக்கும் நன்றாக உழைக்கும். 60-ஆம் நம்பர் கேம்பிரிக் குர்த்தாவுக்கு நல்ல நடுத்தரம். 80, 100 என்று போனால் மல். தொட்டால் மேகம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தெரியும், லைனிங் வைத்தாக வேண்டும். லைனிங் வைத்ததும் மல்லின் குளிர்ச்சி பாதி போய்விடும். அதனால் கத்திரிக்கு மல் என்று ஓடாதீர்கள், வீட்டில் போடும் உடுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மெல்லிய நூல் நூற்க நீள இழை வேண்டும். 1974-இல் நம் கோவையிலேயே உருவாக்கிய சுவின் என்ற பருத்தி ரகத்தில் 100-ஆம் நம்பருக்கு மேலும் நூற்கலாம். அந்தத் துணி கையில் கிடைத்தால் ஒரு முறை தடவியாவது பாருங்கள், பருத்தி இவ்வளவு மென்மையாக இருக்குமா என்று தோன்றும். கதர் இதற்கு நேர் எதிர். கைநூற்பில் நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து ஓடுவதால் நெசவில் இடைவெளி விழும், காற்று புகும். பங்குனி, சித்திரைக்கு அலுவலகம் போட்டுப்போக எனக்குக் கதரைவிட நல்லது தெரியாது, கசங்கும், கசங்கட்டும்.

வாங்கும் இடத்துக்கு உங்களுக்குக் குறைவில்லை. ஈரோட்டுக் கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை வாரச் சந்தை. கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ், தீபாவளித் தள்ளுபடியில் 30% குறையும். ஆடித் தள்ளுபடியில் துணியாக வாங்குங்கள், தைத்ததாக வாங்காதீர்கள். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணி எடைக்குக் கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிடக் கூடாது. துணியின் ஒரு மூலையில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டர் அளந்து இரண்டு முனையிலும் கலர் நூலால் ஒரு தையல் போடுங்கள். ஊறவைத்து, துவைத்து, காயவைத்து மறுபடி அளங்கள். 48 ஆகியிருந்தால் 4% சுருக்கம். ஒரு மீட்டர் நீளக் குர்த்தாவில் 4 சென்டிமீட்டர் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே இருந்தது மேலே வந்திருக்கும். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானும் பல வருஷம் செய்தேன். ஏற்கனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது; ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயம் தண்ணீரில் போய்த் தீரும்வரை தனியாக அலசுவது ஒன்றுதான் வழி. பிறகு ஓரத்தில் ஒரு நூலை இழுங்கள். அது விட்டுப்போகும் கோடுதான் துணியின் நேர் நூல், அதை வைத்தே மடிக்க வேண்டும். நேர் நூல் தவறி வெட்டிய பேண்டின் பக்கத் தையல் நாலு துவைப்பில் முழங்கால் முன்னால் வந்து நிற்கும். பிறகு எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதைத் திருத்த முடியாது.

மிஷினைப் பொறுத்தவரை ஊசியை மாற்றத் தயங்காதீர்கள். மெல்லிய துணிக்கு 11, பாப்ளினுக்கு 14, கனத்த துணிக்கு 16. மல்லில் தையல் சுருங்கினால் டென்ஷன் திருகாணியைத் திருகும் முன் 9-ஆம் எண் ஊசி போட்டு, துணிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் பட்டையை வைத்துத் தைத்துப் பாருங்கள். தைத்த பிறகு தாளைக் கிழித்துவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஓவர்லாக் மிஷின் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டு துண்டையும் சேர்த்து, ஓரத்தை ஒட்டி ஒரு தையல். ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே திருப்பி, மடிப்பை நகத்தால் நீவி, இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைந்துவிடும். புடவைத் துணிக்கும் கேம்பிரிக்குக்கும் ஓவர்லாக்கைவிட இது அழகு.

பனியன் துணி மட்டும் வேறு ஜாதி. நேர்த் தையல் மட்டும் போடும் மிஷினில் தைத்தால் தலை நுழையும்போதே கழுத்துத் தையல் படபடவென்று அறும். ஜிக்ஜாக் இருந்தால், பால்பாயிண்ட் ஊசி (முனை உருண்டது) போட்டு மிக ஒடுக்கமான ஜிக்ஜாக்கில் தைக்கலாம். இல்லையென்றால் வெட்டி எடுத்துப் போய்த் தெருமுனை ஓவர்லாக் கடையில் ஓட்டி வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 180 ஜி.எஸ்.எம் துணி என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம். ஒரு கிலோ வாங்கினால் ஐந்தரைச் சதுர மீட்டர், நாலு சட்டை வரும். புரட்டாசிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் எந்தத் தையல் கடையிலும் உங்களை நிமிர்ந்து பார்க்க ஆளிருக்காது.

இப்போது பின்னல். குன்னூரில் மார்கழிக்குப் போட வேண்டிய ஸ்வெட்டரை ஆனியில் ஆரம்பிக்க வேண்டும். குளிர் வந்ததும் நூல் வாங்குகிறவர்கள் குளிர் போன பிறகுதான் முடிப்பார்கள். உடுப்பு எதுவானாலும் வேண்டிய காலத்துக்கு ஒரு காலம் முன்பே கையில் எடுக்க வேண்டும்: வெயில் துணியைத் தையில் வெட்டுங்கள், மழைத் துணியை ஆடியில். பின்னலுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும்.

உல்லன் நூல் என்று கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானது அக்ரிலிக். ஒரு முறை "பியூர் வுல்" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி அரைக் கிலோ வாங்கி, இரண்டு மாதம் பின்னி முடித்த பிறகுதான் சந்தேகம் வந்து மிச்ச நூலைக் கொளுத்திப் பார்த்தேன். உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. அன்று அழுகையே வந்துவிட்டது. நீங்கள் பின்னும் முன்பே ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரியும். அக்ரிலிக் உருகும். அக்ரிலிக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. குழந்தைக்குப் பின்னவும், பழகுவதற்கும் அது போதும், துவைப்பதும் சுலபம். ஆனால் மூடுபனியில் நடந்து வந்து உட்கார்ந்தால் உள்ளே சில்லென்று வேர்க்கும். 45 மணி நேர உழைப்பைக் கொட்டும்போது நல்ல நூலில் கொட்டுங்கள். பருத்தி நூலில் ஸ்வெட்டர் வேண்டாம். அதற்கு மீண்டு வரும் இழுவை கிடையாது. தன் கனத்திலேயே தொங்கி, இரண்டு மாதத்தில் தொடை வரை வரும்.

45 மணி நேரம் என்று எங்கிருந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் மார்புச் சுற்றளவு தளர்வும் சேர்த்து 92 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8-ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர், நடுத்தர நூல்: பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), பத்து சென்டிமீட்டர் உயரத்தில் 30 வரிசை வரும். சுற்றுக்கு 202 கண்ணி. அக்குள் வரை 40 சென்டிமீட்டர், 120 வரிசை. உடம்பு மட்டுமே 24,240 கண்ணி. கைகளும் தோளும் சேர்ந்தால் சுமார் 54,000. நிமிஷத்துக்கு 20 கண்ணி போட்டால் 45 மணி நேரம். தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் 60 நாள். புதுசாகப் பழகும்போது பிரித்துப் பின்னுவதும் உண்டு, ஆகவே நாலு மாதம். ஆனியில் ஆரம்பிக்கச் சொன்னது இதனால்தான். (அம்மாவின் ஊசித் தலையில் உள்ள எண்ணில் ஒரு குழப்பம் வரும்: எண் ஏறினால் ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75.)

ஆரம்பிக்கும் முன் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். கைக்குட்டை அளவு போதும், 30 கண்ணி, 40 வரிசை. அதைத் துவைத்து, காயவைத்து, நடுவில் ஸ்கேல் வைத்துக் கண்ணியை எண்ணுங்கள். எல்லோரும் இதைத் தாண்டிப் போகவே பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் இறுக்கமாகப் பின்னுகிறவர் என்றால் 22-க்குப் பதில் 24 வரும். இரண்டு கண்ணி வித்தியாசம் துண்டில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதே 202 கண்ணி போட்டால் 92 சென்டிமீட்டர் வர வேண்டிய ஸ்வெட்டர் 84-இல் நிற்கும். மூன்று இஞ்ச் குறைவு. தலை வழியாக இறங்கினாலும் மார்பில் நிற்கும். 24 வந்தால் இறுக்கத்தை மாற்ற முயலாதீர்கள், கை பழகிய பழக்கம் பாதியில் திரும்பிவிடும். ஒரு எண் பருத்த ஊசிக்கு மாறி இன்னொரு துண்டு போடுங்கள்.

முதலில் குல்லா. ஒரு நூல் உருண்டையில் முடிந்துவிடும். கண்ணி எடுப்பது, நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல், வட்டமாகப் பின்னுவது, கண்ணி குறைப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். மஃப்ளர் வேண்டாம் என்பேன், ஒரே வரிசையை ஒன்றரை மீட்டருக்குப் பின்னி அலுத்து, பின்னலையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குல்லாவுக்குப் பிறகு ஸ்வெட்டர், கழுத்திலிருந்து கீழ்நோக்கி, வட்ட ஊசியில். அம்மா அந்தக் காலத்து முறையில் முன் பக்கம், பின் பக்கம், கை என்று தனித்தனியாகப் பின்னிச் சேர்க்கச் சொல்வார். அந்த முறையும் உறுதியானதுதான், ஆனால் பொருந்துகிறதா என்று கடைசி நாள்வரை தெரியாது. கழுத்திலிருந்து இறங்கினால் எந்த நாளிலும் தலையில் நுழைத்துப் பார்க்கலாம். நீளம் போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம், நூல் குறைந்தால் கையை முக்கால் கையாக முடித்துவிடலாம். 450 கிராம் நூல் வாங்குங்கள்; எல்லா உருண்டையிலும் ஒரே சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியது என்பதற்கான எண்) அச்சடித்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கண்ணி ஒன்று நழுவி ஏணி மாதிரி கீழே ஓடிவிட்டால் பயப்பட வேண்டாம். குரோஷா ஊசியால் அடிக் கண்ணியைப் பிடித்து, ஏணியின் ஒவ்வொரு படியாக உள்ளே இழுத்து மேலே ஏற்றிக்கொண்டு வந்து ஊசியில் மாட்டலாம். இதை அம்மாவிடம் முதல் நாளே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டு ஏற்றிப் பாருங்கள்.

ஸ்வெட்டர் முடியும்வரை குன்னூர்க் குளிருக்கு என்ன செய்வது? கையில்லாத மேல்கோட்டு ஒன்று தையுங்கள். வெளியே கேம்பிரிக், உள்ளே பழைய மல், நடுவில் இன்னொரு பழைய புடவையை இரண்டாக மடித்து வைத்து, மூன்று இஞ்சுக்கு ஒரு வரிசையாகக் கையாலேயே ஓட்டுத் தையல். இந்த மலையின் தோடர்கள் போர்த்தும் பூத்குளியைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. அதன் வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடு எதுவும் போடாமல், நூலை எண்ணி எண்ணியே தைப்பார்கள். எல்லோரும் பூவேலையைத்தான் பார்க்கிறார்கள். நான் அதில் கற்றுக்கொண்டது வேறு: அது கம்பளி இல்லை, கனத்த வெள்ளைப் பருத்தி, இரட்டையாகச் சேர்த்தது. இரண்டு அடுக்குக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. என் மேல்கோட்டும் அதே வழிதான். உடம்பில் நேராகப் படாததால் அடிக்கடி துவைக்கவும் வேண்டாம்.

எத்தனை என்று கேட்டீர்கள். குர்த்தா 5, பேண்ட் 3, பனியன் சட்டை 3, நைட்டி 2, மேல்கோட்டு 1, ஸ்வெட்டர் 1, குல்லா 1. மொத்தம் 16 உருப்படி. வேலைக்குப் போய்க்கொண்டு இதற்கு மேல் முடியாது, தேவையும் இல்லை. உள்ளாடையைக் கடையிலேயே வாங்குங்கள், குறிப்பாகப் பிரா. அதன் துணியும் எலாஸ்டிக்கும் சில்லறையில் நல்லதாகக் கிடைப்பது அரிது. முதல் வருஷத்தில் அதில் மல்லுக்கட்டினால் மனசு விட்டுப்போகும். கோவையில் தையில் இரண்டு குர்த்தா, பங்குனிக்குள் இன்னும் ஒன்று, ஆடிக் காற்றுக்கு இடுப்போடு ஒட்டிய சுருக்கில்லாத இரண்டு, மழைக்கு முன் பேண்டுகள் என்று போனால் மூச்சு வாங்காது.

கடைசியாகப் பத்திரப்படுத்துவது. குன்னூர் வீட்டில் ஐப்பசியில் அரைகுறையாகக் காய்ந்த காட்டனை மடித்து வைத்தால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு போகவே போகாது. காயவில்லை என்றால் கோவைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் முறுக்காமல் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, பாயில் பரப்பிக் காயவையுங்கள். பங்குனியில் உள்ளே வைக்கும் முன் கட்டாயம் துவைக்க வேண்டும், வியர்வையும் அழுக்கும் பட்ட இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடித் தின்னும். பழைய தலையணை உறைக்குள் போட்டு, கூடவே வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் வைப்பேன்.

பின்னி முடித்ததும் மிஞ்சும் நூலைத் தூக்கிப் போடாதீர்கள். எலுமிச்சை அளவுக்குச் சுற்றி, ஸ்வெட்டரின் உள் ஓரத்தில் தளர்வாக ஒரு முடிச்சில் கட்டிவிடுங்கள். ஸ்வெட்டரைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் சேர்ந்து துவைபடட்டும். நாலைந்து வருஷத்தில் முழங்கை தேயும். அன்றைக்கு அந்த உருண்டையைப் பிரித்துப் பின்னினால், ஒட்டுப்போட்ட இடம் எதுவென்று உங்களுக்கே தேட வேண்டியிருக்கும்.